14 வயதுப் பூனை திடீரென்று சாப்பிடாமல் ஒதுங்கிக் கிடக்கிறது, என்ன செய்வது?

கடலூர் முதுநகர், 14 வயதுக் கடுவன், நேற்றிலிருந்து நெத்திலியைக்கூட மோந்து பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது என்கிறீர்கள். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பூனை வலியை லேசில் வெளியே காட்டாது.

முதலில் மண் தட்டைப் பாருங்கள். முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, பின்னங்கால் விழுந்து சில்லிட்டுப் போவது (பெரும்பாலும் ரத்தக்கட்டி) எல்லாமே அதே அவசரம்தான். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் நல்லதல்ல.

பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரைகூடப் பூனையின் உயிருக்கு உலை வைக்கும். துவண்டு கிடக்கும்போது பாலோ கஞ்சியோ புகட்டினால் புரையேறும். அதற்காகப் பட்டினியும் போட முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேரும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

மருத்துவர் ஊசி போட்டு அனுப்பப் பார்த்தால், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சர்க்கரை, தைராய்டு பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். இந்த வயதில் சிறுநீரகம்தான் முதல் சந்தேகம். புதுச்சேரி குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மடியில் வைத்து பஸ்ஸில் போக வேண்டாம், ஒரு ஹாரன் போதும், பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். மூடிபோட்ட கூடை, அது படுக்கும் பழைய துணி, அப்புறம் ஆட்டோ.