பட்டறைப் பதில்கள்: வீராவுக்கு ஈவோ மூஞ்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார்களைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் நிஜக் கார், இரவில் மகனோடு வீடியோ ஆட்டக் கார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பந்தய ஆட்டங்களில் காரை மாற்றுவது பற்றியே இருந்தன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். பிரேக்கில் கிறீச் சத்தம் என்று எழுதிய ஐயா மட்டும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே மெக்கானிக் போர்மேனிடம் காட்டுங்கள்.

*

கேள்வி: அண்ணே, வீட்டில் தினமும் சண்டை. நான் கிரான் டூரிஸ்மோ 7 ஆடுகிறேன். தம்பி நீட் ஃபார் ஸ்பீட் அன்பவுண்ட் ஆடுகிறான். முன் பம்பரையே கழற்றி வீசிவிட்டு, சக்கரத்தைச் சாய்த்து வைத்து, வளைவில் கார்ட்டூன் புகை விட்டுக்கொண்டு போகிறான். "இதெல்லாம் ஒரு காரா?" என்று கேட்டால், "உன் ஆட்டம் வெறும் ஷோரூம், தொடாதே என்று பலகை மட்டும்தான் இல்லை" என்கிறான். யார் சொல்வது சரி? (பீடோர் வாசகர், வயது 21)

பதில்: தம்பி, தீர்ப்பு இருக்கட்டும். என் பட்டறையில் இப்போது நிற்கிற காரைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் நாட்டுப் புரோட்டோன் வீரா 1.5. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிற ஒரு பையனுடையது. அவனுக்கு அதில், மிட்சுபிஷி லான்சரின் வேகமான வகையான ஈவோ 3இன் மூஞ்சி வேண்டும். நம் நாட்டில் இது புது ஆசை இல்லை. வீராவும் அந்தக் காலத்து லான்சரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஈவோ 1 முதல் 3 வரை அதே லான்சரை வைத்துச் செய்தவைதான். ஜப்பான் பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கிற ஹாஃப் கட் கடையில் அசல் சாமான் கிடைத்தால் அதிகத் தொல்லை இல்லாமல் உட்கார்ந்துவிடும்.

அசலுக்கு அவனிடம் காசு இல்லை. ஃபைபரில் அச்சு எடுத்த நகல் பம்பரை வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். வைத்துப் பார்த்தால், இடது விளக்குக்கும் பம்பருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. வலது பக்கம் பேப்பர்கூட நுழையாது. நான்கு ஓட்டைகளில் இரண்டுதான் நேராக இருந்தன. ஒரு பக்கம் அரைத்து, மறு பக்கம் ஃபைபர் ஒட்டி, பட்டி பூசி, 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, அப்புறம் 400 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, இரண்டு நாள் போனது. அடுத்தது 17 அங்குல ஸ்போர்ட் ரிம். பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் டயர் மட்கார்டின் உள் விளிம்பில் உரசுகிறது. அந்த விளிம்பைச் சூடு காட்டிக் காட்டி மெதுவாக உள்ளே மடக்க வேண்டும். அவசரப்பட்டால் சாயம் வெடித்துவிடும். நான் பையனாக வேலை கற்றபோது எங்கள் முதலாளி தவுக்கே பேஸ்பால் மட்டையை டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் செருகி, காரை முன்னும் பின்னும் தள்ளச் சொல்வார். எத்தனை காரில் சாயம் போனது என்று கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்து காரை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில், லோரி போட்ட பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பம்பரின் கீழ் உதடு விரிந்துவிட்டது. கேபிள் டையால் தைத்து வைத்திருந்தான், கிழிந்த வாய்க்குத் தையல் போட்ட மாதிரி. அந்தக் கார்தான் இப்போது மறுபடி என் பட்டறையில் நிற்கிறது.

இப்போது உங்கள் சண்டைக்கு வருவோம். இந்த வீராவைப் போல ஒரு காரை எந்த ஆட்டத்தில் செய்ய முடியும்? உங்கள் தம்பியின் ஆட்டத்தில்தான். மனிதர்கள் காரை என்ன பாடு படுத்துவார்கள் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பம்பர் இல்லாமல் ஓடுகிற கார் நம் ஊர்ச் சாலையில் இல்லையா? ஆசைக்காகக் கழற்றியதும் உண்டு, இடித்துவிட்டு மாட்டக் காசு இல்லாததும் உண்டு. "நிஜத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று நீங்கள் சொன்னால், நம் பக்கத்து இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஒரு வாரம் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஆனால் அந்தச் செம்மண் பள்ளம் தம்பியின் ஆட்டத்தில் இல்லை. தரையோடு தரையாக இறக்கினாலும் கார் எங்கும் தட்டாது. சக்கரத்தை எவ்வளவு சாய்த்தாலும் டயரின் உள் பக்கம் மொட்டையாகாது. பட்டனை அழுத்தினால் பம்பர் வருகிறது, மறுபடி அழுத்தினால் போகிறது. எனக்குக் குறை அங்கேதான். அவன் என்ன மாற்றினாலும் பரவாயில்லை. மாற்றியதற்குக் கார் ஒரு பதில் சொல்ல வேண்டுமா இல்லையா?

உங்கள் ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 7இல் வைட் பாடி, அதாவது அகலமான மட்கார்டு, போட்டால் திரும்பக் கழற்ற முடியாது. எடைக் குறைப்பும் அப்படித்தான், செய்தால் செய்ததுதான். பலர் இதைத் தொல்லை என்று திட்டுகிறார்கள். நான் முதல் தடவை அந்த எச்சரிக்கையைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. மட்கார்டில் கிரைண்டரை வைக்கிற நொடியில் எனக்கு வருகிற அதே பயம். படம் நிஜம் மாதிரி மின்னுவதைவிட இந்த ஒரு எச்சரிக்கை எனக்கு நிஜமாகப் பட்டது.

அதே ஆட்டத்தில் எரிச்சலும் உண்டு. இன்ஜினை ஆட்டத்துக் கடையில் வாங்கி மாற்ற வேண்டுமென்றால், கார் சேர்க்கச் சேர்க்க ஏறுகிற கலெக்டர் லெவல் 50க்கு வர வேண்டும். ஆரம்பத்திலோ அந்த இன்ஜின் குலுக்கல் சீட்டில் விழவேண்டும் என்று காத்துக் கிடந்தோம். எந்த ஊர் ஹாஃப் கட் கடையில் தம்பி, இன்ஜினுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள்? இதற்குப் பெயர் நிஜத்தன்மை இல்லை, வெறும் கெடுபிடி. ஆனால் "ஒன்றும் மாற்ற முடியாது" என்று உங்கள் தம்பி சொல்வது அநியாயம். ரிம், ஸ்பாய்லர், பாடி கிட், சாயம், ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது. அந்தக் குறையை அவன் 2014இல் வந்த அசெட்டோ கோர்சாவைப் பார்த்துச் சொல்லட்டும். அதில் சாமான் கடையே கிடையாது. டயர் காற்று, சக்கரச் சாய்வு, அதிர்வு தாங்கி என்று இருக்கிற காரைத் திருகிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ரசிகர்கள் தாங்களே கார்களைச் செய்து அதில் சேர்க்கிறார்கள் என்பது வேறு கதை.

சுதந்திரம் என்று சொல்லிக்கொள்கிற ஆட்டமும் நம்மைக் கட்டிப்போடும். 2004இல் நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2 வந்த சமயம், பட்டறை அடைத்ததும் சிசியில், அதாவது சைபர் கஃபேயில்தான் கிடப்பேன். கொரோலா ஏஇ86 எடுத்து, வெள்ளையாக, எதுவும் ஒட்டாமல் வைத்திருந்தேன். ஆட்டம் விடவில்லை. தோற்றத்துக்கு நட்சத்திரம் சேர்ந்தால்தான் பத்திரிகை அட்டைப் படம், அட்டைப் படம் வந்தால்தான் ஸ்பான்சர் ஒப்பந்தம் முடியும். வேறு வழியில்லாமல் கீழே நியான் விளக்கு, மேலே துணி காயப்போடலாம் போல ஒரு ஸ்பாய்லர், டிக்கி முழுக்க ஸ்பீக்கர். பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, தைப்பூசத்துக்கா?" என்று கேட்டான்.

ஆகவே தம்பி, பதில் இதுதான். மனிதன் காரை என்ன செய்வான் என்பது உங்கள் தம்பியின் ஆட்டத்துக்குத் தெரியும், செய்த பிறகு கார் எப்படி ஓடும் என்பது உங்கள் ஆட்டத்துக்குத் தெரியும். நான் யாருக்கும் வெற்றி கொடுக்கப் போவதில்லை. ஒரு வாரம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு ஆடுங்கள்.

*

கேள்வி: அண்டர்கிரவுண்ட் 2இல் டொயோட்டா சுப்ரா இருந்தது. 2019இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ஹீட்டில் டொயோட்டாவே இல்லை. ஏன்? (ஈப்போ வாசகர்)

பதில்: காரின் பெயரையும் உருவத்தையும் ஆட்டத்தில் போட அந்தக் கார் நிறுவனத்தின் உரிமம் வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கார் இல்லை. கொடுத்தாலும், கார் நசுங்குவதைக் காட்டாதே, இந்தப் பாகத்தில் கை வைக்காதே என்று சில நிறுவனங்கள் நிபந்தனை போடுவார்கள். ஆட்டத்தில் ஒரு காருக்கு நாற்பது பம்பரும் இன்னொரு காருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், பல சமயம் காரணம் இந்த ஒப்பந்தக் காகிதம்தான். ஜிடிஏ மாதிரி ஆட்டங்கள் கற்பனைப் பெயர் வைத்துக் கார் செய்வதால் அந்தக் கவலை இல்லாமல் வெட்டி ஒட்டுகிறார்கள். பொம்மைக் காருக்கு மானம் எதற்கு?

*

கேள்வி: ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் சின்னக் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றினேன். நேர்சாலையில் பறக்கிறது, ஆனால் ஏ வகுப்புப் பந்தயத்தில் கடைசியாக வருகிறேன். ஆட்டம் ஏமாற்றுகிறதா? (கோலகங்சார் மாணவர்)

பதில்: இல்லைடா தம்பி, நீதான் காசை ஒரே இடத்தில் கொட்டிவிட்டாய். அந்த ஆட்டத்தில் காரின் திறனுக்குப் புள்ளி உண்டு, ஏ வகுப்பின் உச்சவரம்பு 800 புள்ளி. பெரிய இன்ஜினே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். டயருக்கும் பிரேக்குக்கும் மிச்சம் இருக்காது. போதாததற்கு மூக்கில் எடை கூடி, வளைவில் கார் நேராகவே போகப் பார்க்கும். முதலில் டயர், அப்புறம் எடை, அப்புறம் சஸ்பென்ஷன். இன்ஜின் கடைசி.

என்னிடம் ஒருவர் பெரோடுவா கஞ்சில் கொண்டுவந்தார். 660 சிசி இன்ஜின் உள்ள சின்னக் கார். டர்போ இன்ஜின் ஏற்றியிருந்தார், பிரேக் மட்டும் கார் பிறந்தபோது இருந்ததே. ஏறி உட்காருங்கள், ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். ஃபோர்ஸாவின் அந்த 800 கணக்கு அவருக்கும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, கஞ்சில் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிரான் டூரிஸ்மோ 2இல் டைஹாட்சு மிரா உண்டு. கஞ்சிலின் ஜப்பான் சொந்தம். பாசார் மாலாமில் வாங்கிய நகல் தட்டில் அதை முதலில் பார்த்தபோது, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மூன்று வீடு கேட்கிற மாதிரிக் கத்தினேன். அம்மா ரப்பர் பால் வெட்டுக்கு அதிகாலையில் எழ வேண்டியவர். கையில் கிடைத்ததை எடுத்து வீசினார்.

*

கேள்வி: தம்பி, என் மகனுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்தது. அப்பாவின் மைவி காரைக் கொடுத்திருக்கிறோம். ஆட்டத்தில் செய்வதை எல்லாம் இதிலும் செய்ய வேண்டுமாம். கண்ணாடி முழுக்கக் கறுப்பு, பெரிய எக்சோஸ் குழாய், வேறு நிறம். ஆட்டம்தான் இவனைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். (தாப்பா, ஒரு தாய்)

பதில்: அக்கா, ஆட்டத்தின் மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள். ஆட்டமே வராத காலத்தில் எங்கள் மாமா தன் ஹோண்டா கப் மோட்டாருக்குக் கிளி மாதிரிப் பச்சைச் சாயம் அடித்து, இரண்டு பக்கமும் குஞ்சம் கட்டி ஓட்டியவர். ஆசை எப்போதும் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கிடையாது, இங்கே உண்டு. அதை மகனுக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடி: 2019 மே முதல் பின் பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு கறுப்பாகவும் வைக்கலாம். முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு. முழுக்கக் கறுப்பு என்றால் சம்மன்தான். எக்சோஸ் சத்தத்துக்கும் அதேதான், அக்கம்பக்கத்தார் வசவு தனி. நிறம் மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும். இன்ஜின் மாற்றினால் அனுமதி, புஸ்பாகோம் மாதிரி நிலையத்தில் வண்டிச் சோதனை, வண்டிப் பதிவுச் சான்றான கிராண்டில் புது எண் எல்லாம் முடிந்த பிறகுதான் சாலை. காப்புறுதிக்காரரிடம் சொல்லாமல் மாற்றிவிட்டு, இடித்த பிறகு இழப்பீடு கேட்டால் தகராறு வரும். ரிம் மாற்றட்டும், அளவு சரியாக இருந்தால். அதற்கு மட்டும் விட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் பையன் மற்றதை ஒளித்துச் செய்வான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் ஒரு பையன் ஆட்டத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, "அண்ணே, இதே ஊதா" என்றான். ஆட்டத்தில் சாயங்கால வெயில், ஈரச் சாலை, அதில் அந்த ஊதா மயில் கழுத்து மாதிரி மின்னுகிறது. அது முத்துச் சாயம். அடி நிறம், அதன்மேல் முத்து, அதன்மேல் கிளியர் என்று மூன்று அடுக்கு. ஒரு கதவு கீறினால் பக்கத்துப் பாகங்களுக்கும் சேர்த்து அடித்தால்தான் நிறம் ஒட்டும். விலை சொன்னேன். பழைய மூடி ஒன்றில் அடித்து, மத்தியான வெயிலில் வெளியே வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "கத்தரிக்காய் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு, டிக்கியில் இருந்த நெளிவை மட்டும் எடுத்துத் தரச் சொன்னான். உங்கள் மகனையும் ஒரு நாள் அழைத்து வாருங்கள். மூடி இன்னும் இருக்கிறது.

*

கேள்வி: எங்களிடம் பிளேஸ்டேஷன் இல்லை. கைப்பேசியில் என்ன ஆடலாம்? (சிலிம் ரிவர் வாசகி, வயது 15)

பதில்: கார் பார்க்கிங் மல்டிபிளேயர். சஸ்பென்ஷன் உயரம், சக்கரச் சாய்வு, இன்ஜின், டர்போ எல்லாம் மாற்றலாம். நேரம் பார்த்து ஆடு, தங்கச்சி. வீட்டில் கேட்காமல் காசு கட்டி எதையும் வாங்காதே.

*

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் சொந்தக் கார் எப்படி? (பெயர் போடாத வாசகர்)

பதில்: புரோட்டோன் சாகா 12 வால்வு, வெள்ளை. இடது பின் கதவு மட்டும் சாம்பல் நிற அடிச்சாயத்தில் நான்கு வருடமாக இருக்கிறது. வாடிக்கையாளர் வேலைக்கே நேரம் சரியாகப் போகிறது. பாசார் மாலாமில் பையன்கள் சுற்றி நின்று, "அங்கிள், இது டிசைனா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.