பிரிண்டர் மட்டும் நிற்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கம்ப்யூட்டர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் ஐபிஎம்மின் ஓஎஸ்/2-வை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். 1993 முதல் நான்கு வருடம் நான் ஆபீசில் அதில்தான் வேலை பார்த்தேன். ஒருநாள்கூட அது ஹேங் ஆனதில்லை. விண்டோஸ் வந்துதான் எல்லாம் கெட்டது. நீங்களும் அதில் குப்பை கொட்டியவர்தானே, நாலு வார்த்தை நல்லதாக எழுதினால் என்ன?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நல்லதைத் தாராளமாக எழுதலாம். 1992-ல் ஓஎஸ்/2-வின் 2.0 பதிப்பு வந்தது. அதே வருடம் வந்த விண்டோஸ் 3.1-ல் ஒரு புரோகிராம் தானாக மனமிரங்கி விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு பிராசஸர் கிடைக்கும். ஓஎஸ்/2 யாருடைய மனசுக்கும் காத்திருக்காது. நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்த ஆளிடம் கொடுத்துவிடும். ஃபிளாப்பியை ஃபார்மேட் போட்டுவிட்டு அந்தப் பக்கம் கடிதம் அடிப்பதை எங்கள் மேனேஜர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார்.

ஆனால் 'ஒருநாள்கூட' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

ஒரு மாதக் கடைசி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சம்பளச் சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு ஜன்னலில் கணக்கு புரோகிராம். திடீரென்று எந்தக் கிளிக்குக்கும் பதில் இல்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சமர்த்தாக நகர்கிறது, கீபோர்டில் எதைத் தட்டினாலும் சத்தமில்லை. பிரிண்டரோ தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டே சீட்டுகளைத் தள்ளுகிறது. உயிர் இருக்கிறது, காதுதான் போய்விட்டது.

விஷயம் இதுதான். எல்லா ஜன்னல்களுக்கும் போகவேண்டிய கீ, கிளிக் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஆபீசில் தபால் புத்தகத்தோடு வருபவர், முதல் மேசைக்காரர் கையெழுத்துப் போடாமல் அடுத்த மேசைக்கு நகரமாட்டார் அல்லவா, அது மாதிரி. இதில் ஒரு நியாயமும் உண்டு: வேகமாக அடிப்பவர் ஒரு கீயில் ஜன்னல் மாறினால், பின்னால் அடித்த எழுத்துகள் புது ஜன்னலுக்கே போய்ச் சேரவேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாடு. ஒரு புரோகிராம் தனக்கு வந்த தபாலை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் மொத்த மேசையும் செவிடு.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அப்போதே ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: வந்த செய்தியை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடி, நீண்ட வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள் பக்கத்திலேயே தனியாக ஓடும் இழையில் போடு. அன்று உட்கார்ந்துவிட்ட கணக்கு புரோகிராம், வெட்கத்தோடு சொல்கிறேன், நான் எழுதியது. வருடக் கூட்டல் முழுவதையும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் திணித்திருந்தேன்.

கடைசி சீட்டு வெளியே வரும்வரை மெஷினை யாரும் தொடக்கூடாது என்று காவல் நின்றோம். அப்புறம்தான் ஸ்விட்சை அணைத்தோம். மறுபடி போட்டால் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்க ஆரம்பித்தது. இரண்டு டீ ஆயிற்று.

பின்னால் வந்த திருத்தங்களில் இதற்கு ஒரு மாதிரி வழி செய்தார்கள். அதற்குள் எங்கள் மேசையில் விண்டோஸ் 95 ஏறிவிட்டது. சரி, உங்கள் ஆபீசுக்கு புரோகிராம் எழுதியவர் யார்? நான்கு வருடம் ஹேங் ஆகவில்லை என்றால், நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை அவருக்கல்லவா எழுதியிருக்கவேண்டும்.