917-இன் வாலைப் பாருங்கள்

கேள்வி: போர்ஷே 917 பந்தயக் காரின் படங்களைத் தேடினால் 917கே, 917எல்ஹெச், 917/20, 917/10, 917/30 என்று வந்துகொண்டே இருக்கின்றன. இவை தனித்தனி கார்களா, ஒரே காரின் மாற்றங்களா?

பதில்: ஒரே குடும்பம்தான். முதலில் வாலைப் பாருங்கள். குட்டை வால் என்றால் கே, நீண்ட வால் என்றால் எல்ஹெச். இரண்டுக்கும் உள்ளே குழாய்ச் சட்டகமும், காற்றால் குளிரும் 12 சிலிண்டர் இன்ஜினும்தான்.

இந்த வால் பிரிந்த கதை அருமையானது. 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் கார் வெளிவந்தது. அன்றைய விதிப்படி 25 கார்கள் கட்டினால்தான் பந்தயத்தில் இறங்க முடியும் என்பதால், ஏப்ரலில் 25 கார்களையும் வரிசையாக நிறுத்திக் காட்டியது போர்ஷே. ஹான்ஸ் மெட்ஸ்கரின் 4.5 லிட்டர் இன்ஜின் அபாரமானது, ஆனால் வேகம் ஏற ஏற கார் நேராகப் போக மறுத்தது, தேர்ந்த ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். அந்த ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், சொந்தமாக 917 வைத்திருந்த ஜான் உல்ஃப் முதல் சுற்றிலேயே விபத்தில் இறந்துபோனார்.

அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் தடத்தில் சோதனை நடந்தது. அங்கே போர்ஷேக்காகப் பந்தயத்தில் இறங்கவிருந்த ஜான் வயர் அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார்: காரின் முன்பக்கமெல்லாம் செத்த பூச்சிகள், பின் வாலில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் காற்று வாலைத் தொடாமலே மேலே போய்விடுகிறது, வாலை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை! அலுமினியத் தகடுகளை வெட்டி ஒட்டி, மேல்நோக்கி ஏறும் குட்டை வால் ஒன்றை அங்கேயே செய்தார்கள். கார் அடங்கியது, கே பிறந்தது. என்னைப் பொறுத்தவரை 917-இன் உண்மையான பிறந்த நாள் அதுதான்.

எல்ஹெச்சை அதற்காகக் கைவிடவில்லை, லெ மானின் நீண்ட நேர்பாதைக்கு அதுதான் வேகம். ஆனாலும் 1970-இல் அங்கே வென்றது ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் ஓட்டிய சிவப்பு வெள்ளை கே. எல்ஹெச் இரண்டாவதாக வந்தது. 1971-இலும் கேதான். ஹெல்முட் மார்கோவும் கிஸ் வான் லென்னெப்பும் 5,335 கிலோமீட்டர் ஓட்டினார்கள், 2010 வரை அந்தத் தூரத்தை யாரும் தாண்டவில்லை. அந்த காரின் வாலில் செங்குத்தாக இரண்டு துடுப்புகள் இருக்கும், சட்டகம் மெக்னீசியம். அதே பந்தயத்தில் ஓடிய அகலமான, உருண்டையான இளஞ்சிவப்பு கார்தான் 917/20. இரண்டு வடிவங்களின் நல்ல குணங்களையும் சேர்த்துப் பார்த்த முயற்சி அது, விபத்தில் முடிந்தது.

கேள்வி: 917/10, 917/30 இரண்டுக்கும் கூரையே இல்லையே?

பதில்: 1972-இலிருந்து உலகச் சாம்பியன்ஷிப்பில் 3 லிட்டர் வரம்பு வந்து 917-க்கு அங்கே இடமில்லாமல் போனது. சரி என்று, கூரையில்லாத கார்கள் ஓடிய வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்குப் போய், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி வலுவேற்றும் டர்போ பூட்டினார்கள். 1972-இல் ஜார்ஜ் ஃபால்மர் 917/10-இல் பட்டம் வென்றார், 1973-இல் மார்க் டொனஹ்யூ 917/30-இல். பின்னதில் 5.4 லிட்டர், சுமார் 1,100 குதிரைத்திறன். 24 மணி நேரம் ஓடுவதற்கான கார் அல்ல அது.

கேள்வி: ஒரு குறிப்பிட்ட காரின் வரலாற்றைத் தேட, வாலை நம்பலாமா?

பதில்: கூடாது. 1969-இல் நீண்ட வாலோடு வந்த கார்கள் சில பின்னால் கே ஆக மாறின, உடல் கழற்றி மாட்டக்கூடியது. சேஸி எண்ணை, அதாவது சட்டகத்தின் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதவில் இருக்கும் பந்தய எண்ணோடு அதைக் குழப்பவும் வேண்டாம்: 1971-இல் வென்ற காரின் பந்தய எண் 22, சேஸி எண் 053. அப்புறம், 1981 லெ மான் பந்தயப் புகைப்படத்தில் 917 ஒன்றைப் பார்த்தால் பழைய கார் என்று நினைத்துவிடாதீர்கள். அது கிரேமர் அணி அந்த ஆண்டுக்காகப் புதிதாகக் கட்டியது.