மூன்று வாரம் அந்த ஊசி என்ன செய்கிறது?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிஸ்பெரிடோன் ஊசியைத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் மூன்று வாரம் மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்கிறார் மருத்துவர். அப்படியானால் ஊசி வேலை செய்யவில்லையா? மருந்தைப் பொதிந்திருக்கும் பிளாஸ்டிக் உடம்பில் தங்கிவிடுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் ஒன்று. மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை ஒருவேளைகூட விட்டுவிடாதீர்கள்.

ஊசியில் மருந்து நுண்ணிய உருண்டைகளுக்குள் பொதிந்திருக்கிறது. அந்தப் பொதி பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமர். அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூலும் இந்தக் குடும்பம்தான். லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் கலந்து கோத்த நீளச் சங்கிலிகள் நூல்கண்டுபோலச் சிக்கிக் கிடக்கின்றன. இது வெல்லக்கட்டிபோல வெளியிலிருந்து கரைவதில்லை. ஊசி போட்டதும் தண்ணீர் உள்ளே ஊறி, கண்ணிகளை அங்கங்கே அறுக்கத் தொடங்குகிறது. நூலை நாலு இடத்தில் அறுத்தாலும் கண்டு உடனே குலைந்துவிடாதல்லவா? துண்டுகள் தண்ணீரில் கரையும் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் மருந்துக்கு வழி திறக்கிறது. உங்கள் தம்பியின் ஊசியில் அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முதல் நாள் வெளிவருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

மருந்தாக்கவியல் ஆய்வகத்தில் இத்தகைய உருண்டைகளை 37 டிகிரி கரைசலில் ஊறவைத்து, வாரந்தோறும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் கடுகுபோல வழுவழுப்பு. பிறகு உளுத்த கொண்டைக்கடலைபோலத் துளைகள். உடைந்தவற்றின் உள்ளே வெறும் கூடு. அறுந்த துண்டுகளும் அமிலமே. நடுவில் சிக்கிய அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்குவதால் உள்பக்கம் முந்திக்கொள்கிறது.

இதையே இந்த உருண்டையைவிடப் பல மடங்கு சிறிய நானோ துகளாகச் செய்தால் அமிலம் சட்டென்று வெளியேறிவிடும். உட்கூடு அவ்வளவாக விழாது. ஆனால் பரப்பு மிகுதி என்பதால், மேலே ஒட்டிய மருந்து முதல் நாளே கொட்டிவிடும். வாரக்கணக்கில் நிற்க வேண்டிய ஊசிக்கு இந்தப் பெரிய உருண்டையே பொருத்தம் என்பேன்.

பிளாஸ்டிக் தங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். லாக்டிக் அமிலம் நம் தசைகளே தயாரிப்பதுதான். உடல் அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். கிளைகாலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிறுநீரிலும் போய்விடும்.

அடுத்த ஊசிக்கான தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இன்று தவறவிட்ட ஊசியின் குறை இன்று தெரியாது. மூன்று வாரம் கழித்துத்தான் தம்பியிடம் தெரியும்.