2 கோடி ரூபாய் பட்ஜெட்டில் ஒரு தமிழ்ப் படம்: முதலீட்டாளரிடம் கொடுக்கும் ப்ரபோசலை எப்படித் தயாரிப்பது?

பவுண்ட் ஸ்கிரிப்ட் (வசனம் வரை முடித்த முழுத் திரைக்கதை) கையில் இருக்கிறது, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, 2 கோடிக்குள் முடிக்கலாம், முதலீட்டாளருக்கு ப்ரபோசல் எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவை வைத்தே பதில் சொல்கிறேன்.

கோடம்பாக்கத்தில் கைமாறும் ப்ரபோசல்களில் பெரும்பாலானவை கதைக்கு இருபது பக்கம், கலர் படங்களுக்குப் பத்துப் பக்கம், கடைசியில் பட்ஜெட்டுக்கு அரைப் பக்கம் என்றுதான் இருக்கும். பணம் போடுகிறவர் முதலில் புரட்டுவது அந்த அரைப் பக்கத்தைத்தான். அதனால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். போட்ட பணம் எப்படித் திரும்பும் என்பதை முதலில் எழுதி, அதற்குள் அடங்குகிற பட்ஜெட்டை அடுத்துப் போடுங்கள். கதைச் சுருக்கம் கடைசியில் வரட்டும்.

தியேட்டர் கணக்கைப் பாருங்கள். ஜிஎஸ்டியும் தமிழ்நாட்டின் கேளிக்கை வரியும் போக ஒரு டிக்கெட்டுக்கு 120 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தியேட்டருக்குப் பாதி போனால் 60. விநியோகஸ்தர் கமிஷன் 15 சதவீதம் என்றால் இன்னொரு 9 ரூபாய் போய், தயாரிப்பாளர் கைக்கு 51 ரூபாய் வரும். 2 கோடியையும் தியேட்டரிலேயே எடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 3.92 லட்சம் டிக்கெட் விற்க வேண்டும். காட்சிக்குச் சராசரியாக 50 பேர் என்றால் 7,840 காட்சிகள். 80 தியேட்டரில் தினம் இரண்டு காட்சி கிடைத்தாலும் 49 நாள் ஓட வேண்டும். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு இரண்டாவது வெள்ளிக்கிழமை எத்தனை காட்சி மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டினால் எதிரே இருப்பவர் உங்களை நம்பத் தொடங்குவார். காட்டாவிட்டால் அவருடைய ஆடிட்டர் போட்டுக் காட்டுவார்.

மீதிப் பணம் டிஜிட்டல் (ஓடிடி), சாட்டிலைட் (தொலைக்காட்சி), டப்பிங், ஆடியோ, வெளிநாட்டு உரிமைகளிலிருந்து வர வேண்டும். இதையெல்லாம் குறைந்தபட்சம், நடுத்தரம், நல்ல நிலை என்று மூன்று பத்தியாகப் போடுங்கள். குறைந்தபட்சப் பத்தியில் ஓடிடி வருமானத்தைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். முகம் தெரியாத நடிகர்களின் படத்தை வெளியீட்டுக்கு முன்பே மொத்தமாக விலைபேசுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பார்க்கும் நேரத்துக்கேற்ற பங்கு என்ற ஏற்பாடுதான் பலருக்குக் கிடைக்கிறது. 'ஏ' சான்றிதழ் வாங்கிய பதிப்பைத் தொலைக்காட்சியில் போட முடியாது. கதையில் வன்முறை அதிகமென்றால் 'யு/ஏ' வாங்கும் பதிப்பு சாத்தியமா என்பதற்கு ப்ரபோசலிலேயே ஒரு வரி இருக்கட்டும். சிறு பட்ஜெட் படங்களுக்கான தமிழக அரசு மானியத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள். அது படம் வெளியானபின் தேர்வுக் குழு பார்த்துத் தருவது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக்குப் படங்கள் காட்டும்போது ஓடிய படங்களை மட்டும் அடுக்குவது பழைய வித்தை. கடந்த மூன்று ஆண்டுகளில் இதே பட்ஜெட்டில் வந்த ஐந்து படங்களை எடுங்கள், அதில் குறைந்தது இரண்டு படங்கள் விழுந்தவையாக இருக்கட்டும், ஏன் விழுந்தன என்றும் எழுதுங்கள். சமூக ஊடகத்தில் சுற்றும் வசூல் எண்களைத் தொடவே வேண்டாம். தெரிந்த விநியோகஸ்தரிடம் தினசரி வசூல் அறிக்கை கேட்டுப் பாருங்கள்.

பட்ஜெட்டுக்கு ஒரு மாதிரி: நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் சம்பளம் 30 லட்சம், 28 நாள் படப்பிடிப்பு, நாளுக்கு 2.5 லட்சம் வீதம் 70 லட்சம். எடிட்டிங், டிஐ (நிறத் திருத்தம்), ஒலிக்கலவை, இசை, கிராஃபிக்ஸ் எல்லாம் 25. முன்தயாரிப்பும் அலுவலகமும் 8. வழக்கறிஞர், காப்பீடு, சென்சார் 4. கூட்டினால் 137 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 151-ஐ ஒட்டி வரும். மிச்சமுள்ள 49 லட்சம் விளம்பரத்துக்கும் வெளியீட்டுக்கும். இந்தக் கடைசித் தொகை இல்லாமல் ஃபர்ஸ்ட் காப்பி (வெளியீட்டுக்குத் தயாரான முதல் பிரதி) வரைக்கும் மட்டும் பணம் திரட்டுகிறவர்கள்தான் அதிகம். படம் முடிந்து ஹார்ட் டிஸ்க்கில் தூங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். அந்த நேரத்தில் மாதம் 2, 3 சதவீத வட்டிக்கு ஃபைனான்ஸ் எடுத்தால் ஆண்டுக்கு 24 முதல் 36 சதவீதம் ஆகிறது. முதலில் நம்பி வந்தவரின் லாபத்தை வட்டி தின்றுவிடும்.

நாள் செலவு 2.5 லட்சம் என்பது எப்படி வந்தது என்று ஒரு தாளில் பிரித்துக் காட்டுங்கள். கேமரா, லைட் வாடகை, யூனிட் சம்பளம், பேட்டா (தினப்படி), சாப்பாடு, வண்டி, ஜெனரேட்டர் டீசல், லொகேஷன் வாடகை. பேட்டாவும் டீசலும்தான் வழக்கமாக விட்டுப்போகும். இரவுக் காட்சி எத்தனை நாள், வெளியூர் எத்தனை நாள் என்பதை ஷெட்யூலிலிருந்து எடுத்துப் பெருக்குங்கள். வாடகைகளுக்கு ஜிஎஸ்டி தனியாக வரும். பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டும் அன்று கையில் பணம் வேண்டும்.

அடுத்த பக்கம், வரும் பணம் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பது. முதலில் வெளியீட்டுச் செலவு, பிறகு கடன் இருந்தால் அசலும் வட்டியும், பிறகு முதலீட்டாளர்களின் அசல் (அவரவர் போட்ட விகிதத்தில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில்), அதன்மேல் பேசிய பிரீமியம், பிறகு சம்பளத்தைத் தள்ளிவைத்தவர்கள், மிஞ்சுவதில் முதலீட்டாளர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் பாதிக்குப் பாதி. இந்த வரிசை வேறு மாதிரியும் இருக்கலாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தைத் தவணையாக வாங்குங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. படப்பிடிப்பு முழுவதுக்கும் உள்ள தொகை வந்து சேராமல் முதல் ஷெட்யூல் தொடங்காது என்று எழுதிவிடுங்கள். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சட்டப் பக்கத்தில் இரண்டு விஷயம். கதை வேறொருவருடையது என்றால் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உலக உரிமை கேட்கும் ஓடிடி நிறுவனத்திடம் இந்த இடத்தில்தான் பேச்சு நின்றுபோகும். இரண்டாவது, "1 லட்சம் போடுங்கள், லாபத்தில் பங்கு" என்று முகநூலில் பொது அழைப்பு விடாதீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. தனிப்பட்ட முறையில் கேட்பதற்கும் ஒரு நிதியாண்டில் 200 பேர் என்ற உச்சவரம்பு உண்டு. நான்கைந்து பேர் சேரும் படத்துக்குத் தனி எல்எல்பி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்) போதும். ஆடிட்டரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கதைப் பகுதிக்கு ஒன்லைன் (ஒரே வரியில் கதை), ஒரு பக்கச் சுருக்கம் (கிளைமாக்ஸ் உட்பட, சஸ்பென்ஸ் வைப்பது ரசிகருக்கு, பணம் போடுகிறவருக்கு அல்ல), ஐந்தாறு காட்சிப் படங்கள் போதும். நடிகர் பெயர் போட்டால் அவருடைய சம்மதக் கடிதம் இருக்க வேண்டும். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று பெரிய பெயரைப் போட்டால் ஒரே ஒரு போனில் குட்டு உடைந்துவிடும்.

கோவாவில் நடக்கும் பிலிம் பஜாரின் (இப்போது வேவ்ஸ் பிலிம் பஜார்) கூட்டுத் தயாரிப்புச் சந்தைக்கோ, நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதிக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் இதே கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே இயக்குநரின் குறிப்பும் உங்கள் முந்தைய குறும்படங்களும்தான் முதலில் படிக்கப்படும். அதற்கு வேறு பதிப்பு எழுதுங்கள்.

மொத்தம் 12 முதல் 15 பக்க பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் முதலில் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் அனுப்பி, நேரில் சந்திக்க ஒப்புக்கொண்டபின் முழுக் கோப்பைக் கொடுங்கள். எக்செல் பட்ஜெட்டை லேப்டாப்பில் திறந்தே வைத்திருங்கள். "1.6 கோடி மட்டும் கிடைத்தால்?" என்று கேட்பார்கள். எந்த வரியைக் குறைப்பீர்கள் என்று அந்த நேரத்திலேயே காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.