மால் சேயன்

அன்புள்ள அக்கா,

நான் கோட்டிங்கனில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளன். வயது 32, வந்து பதினான்கு மாதம் ஆகிறது. நீங்கள் ஜெர்மனியில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். இந்த ஊரில் ஒரு பெண்ணோடு பழகுவது நடக்காத காரியம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். டேட்டிங் ஆப்பில் தேடினால் நான்கே நாளில் முகங்கள் தீர்ந்துபோகின்றன. வேண்டாம் என்று தள்ளிவிட்ட அதே முகம் மறுநாள் பல்கலைக்கழக கேன்டீனில் தட்டோடு எதிரே வந்து நிற்கிறது. பலருக்கு என் நிறத்தைப் பார்த்ததுமே பேச்சு நின்றுபோகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே ஒரு பெண் பேசினாள். செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் நடை. கீஸ்சே ஏரியைச் சுற்றி, பழைய கோட்டைச் சுவர் மேல், மழையிலும்கூட. காபி குடித்தால் அவரவர் காசு. நவம்பரில் அவளுடைய வீட்டுத்தோழியிடம் என்னை 'மைன் ஃபிராய்ண்ட்' என்று அறிமுகப்படுத்தினாள், வெறும் நண்பன் என்று. அதிலேயே மனம் கொஞ்சம் விட்டுப்போயிற்று. டிசம்பரில் ஒரு அட்வெண்ட் ஞாயிறு, காசலில் அவள் பெற்றோர் வீட்டுக்குக் காபிக்கு வருகிறாயா என்று கேட்டாள். 'மால் சேயன்' என்று பதில் போட்டேன், பார்க்கலாம் என்று நாம் சொல்வோமே அப்படி. 'ஷாடெ' என்று ஒற்றை வார்த்தை வந்தது. பரவாயில்லை என்று எழுதினேன். அதோடு சரி, ஐந்து வாரமாகப் பேச்சில்லை. (வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.)

இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? என் பிறந்தநாளுக்கு லேப்பில் எல்லோரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள், ஒருவர்கூட கேக் வெட்டவில்லை. மதியம்வரை என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

கேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அவர்கள் உங்கள் மேசையைப் பார்த்தது கேக் எங்கே என்று தேடித்தான். ஜெர்மனியில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டு வர வேண்டும். வீட்டில் சுட்டது என்றால் விசேஷம், கடையில் வாங்கியதும் பரவாயில்லை. நானும் மார்பூர்கில் முதல் வருடம் இதே மாதிரி ஏமாந்து, மாலையில் அறைக்கு வந்து அம்மாவிடம் போனில் அழுதேன். நம் ஊரில் மற்றவர்கள் நம்மைக் கொண்டாட வேண்டும், நாமாகக் கேட்டால் அற்பம். அங்கே, கொண்டாட வேண்டும் என்று உனக்கு இருந்தால் நீதான் மேசை போட வேண்டும், நாங்கள் வந்து உட்காருவோம். இதில் எது உசத்தி என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க இந்த கேக்தான் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது இல்லை என்று சொல்ல நான் யார், எனக்கும் நடந்திருக்கிறது. ஆப்பில் உங்களைத் தள்ளிவிட்டவர்களுக்காக நீங்கள் எந்த விளக்கமும் தேட வேண்டாம். ஆனால் மூன்று மாதம் மழையில் உங்களோடு நடந்த பெண்ணை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது 'மைன் ஃபிராய்ண்ட்'. தம்பி, ஜெர்மன் வகுப்பில் இதைச் சொல்லித்தராமல் எப்படி விட்டார்கள்? ஃபிராய்ண்ட் என்ற ஒரே சொல்தான் நண்பனுக்கும் காதலனுக்கும். அதனால் அவர்கள் முன்னால் போடுகிற சின்னச் சொல்லை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். நண்பன் என்றால் 'ஐன் ஃபிராய்ண்ட் ஃபொன் மிர்', என் நண்பர்களில் ஒருவன். 'மைன் ஃபிராய்ண்ட்' என்று மொட்டையாகச் சொல்லி அறிமுகம் செய்தால், சாதாரணமாக அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் தன்னுடைய தோழியின் முன்னால், உங்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, நீங்கள் யார் என்று சொல்லிவிட்டார். நீங்கள் அதைக் கேட்டு மனம் விட்டுப்போய் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம்தான் காசல். அந்த ஊர் கோட்டிங்கனிலிருந்து வேக ரயிலில் இருபது நிமிடம், ஆனால் அந்த அழைப்பு அவ்வளவு பக்கத்திலிருந்து வரவில்லை. அட்வெண்ட் ஞாயிறு என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒன்று. வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றி, பிற்பகலில் காபியும் ஸ்டோலன் என்கிற கிறிஸ்துமஸ் ரொட்டியுமாக வீட்டோடு உட்காருகிற நாள். அதற்கு ஒருவரை அழைத்துப்போகிறார்கள் என்றால் அம்மா அப்பாவிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது, எத்தனை தட்டு என்பது முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தட்டுக்கு நீங்கள் 'மால் சேயன்' என்று பதில் போட்டீர்கள்.

தமிழில் 'பார்க்கலாம்' என்பது அபூர்வமான சொல். சந்திப்போம் என்றும் அதுதான், யோசிக்கிறேன் என்றும் அதுதான், வரமாட்டேன் ஆனால் உன் மனம் கோணக் கூடாது என்றும் அதேதான். கேட்கிறவர் நம் முகத்தையும் குரலையும் வைத்து எது என்று எடுத்துக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவரிடம்கூட 'பார்க்கலாம், கண்டிப்பா பார்க்கலாம்' என்போம், அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். ஜெர்மனில் 'மால் சேயன்' என்றால் அந்தக் கடைசி இரண்டு மட்டும்தான். இதைவிட நல்லது ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிற தொனிகூட அதில் உண்டு. முடி வெட்டுவதற்கும் டெர்மீன், அதாவது முன்கூட்டியே நேரம், வாங்குகிற ஊரில், மூன்று வாரம் கழித்து ஒரு காபிக்கு இன்றே நேரம் குறிக்கிற ஊரில், தட்டு எண்ணிவிட்டுக் கேட்டவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அவர் எழுதிய 'ஷாடெ' என்ற சொல்லுக்கு ஐயோ, வருத்தமாக இருக்கிறது என்று பொருள். அவர்கள் அதைச் சொன்னால் பெரும்பாலும் நிஜமாகவே வருத்தம்தான். நீங்கள் அதற்குப் பரவாயில்லை என்று ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள்!

சரி, மொழிச் சிக்கல் என்று இதை இத்தோடு முடித்துவிடலாம், உங்களுக்கும் வசதி எனக்கும் வசதி. ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஜாதகம் வேறு விஷயம் என்று. அது வேறு விஷயம் இல்லை. உங்களுக்கு 'யா, கெர்ன', ஆமாம் சந்தோஷமாக, என்று சொல்லத் தெரியாதா? பதினான்கு மாதம் ரொட்டிக் கடையில் சொல்லியிருப்பீர்கள். காசலுக்குப் போய் அந்த அம்மாவின் கையால் காபி குடித்துவிட்டால் அடுத்த ஞாயிறு உங்கள் அம்மாவிடம் போனில் என்ன பேசுவது என்ற பயத்தில்தான் 'பார்க்கலாம்' வந்தது. தமிழிலும் நீங்கள் அதை அந்த மூன்றாவது அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

பயப்படுவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் எப்போது முடியும், அடுத்தது எந்த நாடு என்று தெரியாத வேலை உங்களுடையது. அந்த ஊரிலேயே நிறையப் பேர் வந்து போகிறவர்கள்தான். ஆனால் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்பதைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார் என்று நினைத்திருப்பீர்கள். ஓடலாம். தெரிந்துகொண்டு ஓடுவது அவர் உரிமை, அதையும் நீங்களே முடிவு செய்து வைத்துக்கொண்டால் எப்படி?

அவர்கள் உணர்ச்சி காட்டத் தெரியாதவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் வாத்து வைத்துக்கொண்டு நிற்கிற கென்சலீசல் சிலைக்கு, டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நீரூற்றில் ஏறி முத்தம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலை வைத்தது 1901-இல், முத்தத்துக்கு நகராட்சி தடை போட்டது 1926-இல், இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் முதலில் வாய்மொழித் தேர்வு முடிந்திருக்க வேண்டும், நண்பர்கள் அலங்கரித்த கைவண்டி வந்திருக்க வேண்டும், நாள் தெரிந்திருக்க வேண்டும். கிறுக்குத்தனத்துக்கும் ஒரு டெர்மீன்.

நீங்கள் கேட்காத ஒன்று: பாட்டுக் குழு, மலையேற்றச் சங்கம் என்று எதிலாவது சேருங்கள். பக்கத்தில் ஆல்ப்ஸ் இல்லை, ஆனாலும் ஆல்பைன் சங்கத்துக்கு கோட்டிங்கனில் கிளை உண்டு, அப்படிப்பட்ட நாடு அது. பெண் பார்ப்பதற்காகச் சேராதீர்கள், இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வாரம் ஒரு மாலை ஜெர்மனில் தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டு உட்கார ஒரு இடம் வேண்டும், அதற்காக.

அவருக்கு எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டாம், தப்பு இருந்தாலும் ஜெர்மனிலேயே. வர ஆசை இருந்தது, பயமாகவும் இருந்தது, உன் வார்த்தை எனக்குப் புரியவில்லை, என் வீட்டில் இப்படி ஒரு நிலைமை என்று நாலு வரி. கீழே கிழமை, நேரம், இடம்: சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி, கீஸ்சே. வருவாரா என்று எனக்குச் சொல்ல முடியாது, ஐந்து வாரம் நீண்ட காலம். வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப எழுதித் தொந்தரவு செய்யாதீர்கள்.

சனிக்கிழமைக்கு முன்னால் அம்மாவுக்கு போன் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம்.