நெடுந்தூர யாத்திரை நடைப்பயணத்தில் நாள் முழுக்க மழை பெய்தால் நடக்கலாமா, விடுதியிலேயே தங்கிவிடலாமா?

நடக்கலாம். இடி மின்னல் இருந்தால் மட்டும் கிளம்பாதீர்கள், அதுவும் மலைமுகட்டுப் பாதை என்றால் வேண்டவே வேண்டாம். வெறும் மழைக்காக ஒரு நாளை விட்டால் மறுநாளும் அதே மழை பெய்யக்கூடும், எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது?

நான் ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் போகும் கமினோ என்ற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடந்தேன். பிரான்ஸ் எல்லையோரம் தொடங்கினால் சுமார் 780 கி.மீ. கடைசிப் பகுதியான கலீசியா ஸ்பெயினில் மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் ஒன்று. அங்கே நுழைந்தவுடன் வரும் முதல் ஊர் ஓ செப்ரெய்ரோ, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் கல்வீடுகளும் வைக்கோல் கூரைகளுமாக இருக்கும். அங்கிருந்து அன்று நான் போகவேண்டிய த்ரியாகஸ்தெலா 21 கி.மீ. தூரம். காலையில் கதவைத் திறந்தபோதே மழை, அதோடு மூடுபனி, எதிரே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மே மாதம்தான், ஆனாலும் விரல்கள் மரத்துப்போகிற குளிர்.

கைபேசியில் வழி பார்க்கலாம் என்று எடுத்தால் ஈர விரலுக்குத் திரை அசையவே இல்லை. மஞ்சள் அம்புக்குறிகள்தான் கூட்டிப்போயின. அந்த அம்புகளை 1984இல் பாதை நெடுக வரையத் தொடங்கியவர் அதே ஓ செப்ரெய்ரோவின் பாதிரியார் எலியாஸ் வாலீஞா. அன்று பனிக்குள் ஒவ்வொரு அம்பாகக் கண்ணில் பட்டபோதெல்லாம் அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன், உண்மையாகவே. சான் ரோக்கே கணவாயில், காற்றுக்கு எதிராகத் தொப்பியைப் பிடித்தபடி நிற்கும் யாத்ரீகர் சிலை ஒன்று உண்டு. பக்கத்தில் போகும்வரை யாரோ ஒரு ஆள் நிற்கிறார் என்றே நினைத்தேன்.

சரி, உங்களுக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மழையில் நனையாமல் நடக்கவே முடியாது. பையையும் சேர்த்து மூடுகிற போன்சோ என்ற தொளதொள மழையங்கி நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் உள்ளே வியர்த்து அதிலேயே நனைந்துவிடுவீர்கள். ஆகவே உடம்பைக் காப்பாற்றுவதைவிட ஒரு ஜோடி உடுப்பைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்: ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, சாக்ஸ், அப்புறம் தூங்கும் பை. பைக்கு மேலே போடுகிற மழையுறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். பைக்கு உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். பாஸ்போர்ட், முத்திரை வாங்கும் யாத்திரைச் சீட்டு, பணம், இவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய உறை.

அடுத்தது பாதம். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, கொஞ்சம் உராய்ந்தாலே கொப்புளம் வந்துவிடும். பருத்தி சாக்ஸ் தண்ணீரைக் குடித்து அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் ஓரளவு சூடாக இருக்கும். காலையிலேயே பாதம் முழுக்க வாஸ்லைன் தடவிவிடுங்கள். அன்று வழியில் போயோ கணவாய்க்கு முன்னால் சிறிய ஆனால் மூச்சு வாங்கவைக்கிற ஏற்றம் ஒன்று, ஏறியவுடன் மேலே ஒரு கடை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த வயதான ஜெர்மன்காரர் என் காலணியைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். இந்தப் பாதையில் அவர் நடப்பது இது மூன்றாவது முறையாம். கழற்றி, துடைத்து, சாக்ஸ் மாற்றினேன். இடது குதிகாலில் சிவந்திருந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன். அன்று அவர் சொல்லியிருக்காவிட்டால் மீதி 150 கி.மீ.யை நொண்டிக்கொண்டேதான் முடித்திருப்பேன் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் இப்படி நிற்கும்போது கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஈர உடுப்போடு சும்மா இருந்தால் உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். நடுக்கம் நிற்காமல் வந்தாலோ பேச்சு குழறினாலோ அன்றைய நடையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

போயோவிலிருந்து த்ரியாகஸ்தெலா வரை 600 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏற்றத்தைவிட இதுதான் ஆபத்து, ஈரக் கல்லும் சேறும் வழுக்கும். அவசரப்படாமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள், ஊன்றுகோல் இருந்தால் இங்கேதான் வேலைக்கு வரும். எனக்கு இந்த இறக்கத்துக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

விடுதியில் இருந்த அம்மா எதுவும் கேட்காமல் ஒரு கட்டு பழைய செய்தித்தாளைக் கொடுத்தார். காலணிக்குள் தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ மிக அருகில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கஷ்டமானது. மறுநாள் காலையில் மழை நின்றிருக்காது, நேற்றைய உடுப்பு காய்ந்திருக்காது. கை தானாகக் காய்ந்த சட்டைக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதல் பத்து நிமிடம் மிகவும் கொடுமையாக இருக்கும், அப்புறம் நடக்கிற சூட்டில் பழகிவிடும். காய்ந்ததைக் காலையிலேயே போட்டால் அன்று இரவு உடுத்த ஒன்றும் இருக்காது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஈரச் சட்டையோடுதான் மறுநாள் சாரியா என்ற ஊர் வரை நடந்தேன். பைக்குள் இருந்த சட்டை சாந்தியாகோ போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு நனையவில்லை.